முழு நாள் வேலை, அரைப் பேர்

வாசகர் கடிதம்:

“அம்மாவுக்கு வணக்கம். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். மகனுக்கு ஒன்பது வயது. பிறக்கும்போதே மூச்சுத் திணறியதால் கைகால் இறுக்கம், பேச்சும் சரியாக வராது. மூன்று வருடமாக எங்கள் பாடசாலையின் விசேட கல்வி அலகுக்குப் போகிறான். அங்கே ஒரு டீச்சரும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்காவும் இருக்கிறார்கள். அக்கா வந்து ஐந்து வருடம். அவருக்கு 46 வயது. காலை ஏழரைக்கு முன்னமே வந்துவிடுவார். ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டாலும் கடைசிப் பிள்ளையின் வீட்டார் வரும்வரை நிற்பார். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் அவருக்கு மாதம் 9,000 ரூபாய் கொடுக்கிறது. வவுச்சரில் ‘போக்குவரத்துக் கொடுப்பனவு’ என்று எழுதுகிறார்கள். தவணை விடுமுறைக்குக் காசு இல்லை.

இந்த வருடம் நானும் சங்கத்தின் செயற்குழுவில் இருக்கிறேன். போன கூட்டத்தில் அக்கா 15,000 கேட்டார். ‘இது சேவை, புண்ணியம் கிடைக்கும். முடியாவிட்டால் வேறு ஆள் பார்க்கலாம்’ என்றார்கள். அக்கா அழுதுகொண்டே எழுந்து போனார். பாடசாலையில் 210 குடும்பம். மாதச் சந்தாவை 100 ரூபாயிலிருந்து 300 ஆக்கலாமா என்று கேட்டேன், எல்லோரும் என்னை முறைத்தார்கள். சட்டப்படி அவருக்கு என்ன உரிமை? நாங்கள் எப்படி நியாயமாகக் கொடுப்பது? அக்கா போய்விட்டால் என் மகன் வீட்டில்தான் கிடக்க வேண்டும். அதற்காகத்தான் நான் பேசுகிறேன் என்கிறார்கள். அது உண்மையும்தான். தப்பா?”

அன்புள்ள சகோதரிக்கு,

இலங்கைத் தொழில் திணைக்களத்தில் 27 வருடம் வேலை செய்தேன். சம்பளம் கிடைக்கவில்லை என்று மேசைக்கு முன்னால் வந்து நின்றவர்களை எண்ண முடியாது. சம்பளம் கொடுக்கிற பக்கத்திலிருந்து, “நாங்கள் கொடுப்பது நியாயமா?” என்று கேட்டு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

முதலில் அந்த அக்கா செய்கிற வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் அதை ஒருவரும் பேசியிருக்க மாட்டார்கள். உங்கள் மகனைப் போன்ற பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது, மற்றப் பிள்ளைகளுக்கு ஊட்டுவது போலக் கிடையாது. முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், தலை பின்னால் சாயக் கூடாது, ஒரு வாயை விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய். அவசரப்பட்டால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போய் நெஞ்சில் சளி கட்டும், காய்ச்சல் வரும். வலிப்பு வருகிற பிள்ளை இருந்தால், வந்த உடனே ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாய்க்குள் எதையும் திணிக்காமல், எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். பேச்சு வராத பிள்ளை பசிக்கு அழுகிறதா, வலிக்கு அழுகிறதா என்று பிரித்தறிய வேண்டும். ஈரத் துணி மாற்ற வேண்டும், அதையும் மற்றப் பிள்ளைகள் பார்க்காமல் மாற்ற வேண்டும். மழை நாளில் வழுக்கும் படிகளில் இருபது கிலோப் பிள்ளையைத் தூக்கி இறக்க வேண்டும். எங்கள் பள்ளிக்கூடங்கள் எந்தச் சரிவில் நிற்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஐந்து வருடம் இதைச் செய்தவருக்குக் கைத்தேர்ச்சி இருக்கிறது. “வேறு ஆள் பார்க்கலாம்” என்றவர், அந்த வேறு ஆள் இதையெல்லாம் எத்தனை நாளில் படிப்பார், அதுவரை எந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று யோசிக்கவில்லை.

என் அம்மா தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அதாவது பிள்ளை பராமரிப்பு நிலையத்தில், ஆயாவாக இருந்தவர். உத்திரத்தில் வரிசையாகத் தொட்டில்கள் தொங்கும். தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போன பிறகு இருபது, முப்பது பிள்ளைகளை அம்மாவும் இன்னொருவரும் பார்ப்பார்கள். அவருக்கும் பெரிய மரியாதை ஒன்றும் கிடைத்ததில்லை. “உட்கார்ந்து தொட்டில் ஆட்டுகிற வேலைதானே” என்று மலைக்குப் போகிற பெண்களே சொல்வார்கள். ஆனால் ஒன்று நடந்தது. செக்ரோலில், அதாவது தோட்டத்தின் சம்பளப் பதிவேட்டில், அவருக்குத் தினமும் பேர் விழுந்தது. முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். அதனால் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) சேர்ந்தது. வேலையை விட்டபோது கைக்கு வந்த அந்தப் பணத்தில்தான் என் தம்பி படித்தான். பிற்காலத்தில் தோட்டங்களில் அந்த வேலைக்குப் பயிற்சி வந்தது, சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பதவிப் பெயர் வந்தது. அம்மா செய்ததும் அதே வேலைதான். உங்கள் பாடசாலை அக்காவோ, அரசாங்கப் பாடசாலை ஒன்றுக்குள், எந்தச் செக்ரோலிலும் பேர் இல்லாமல், கைக்காசுக்கு நிற்கிறார்.

இனிச் சட்டம். யார் அவருடைய தொழில் தருநர் என்பதைப் பார்த்தால் மற்றது எல்லாம் ஓரளவு தெளிவாகும். வேலைக்கு எடுத்தது யார், தினமும் வேலை சொல்வது யார், காசு கொடுப்பது யார், போ என்று சொல்லக்கூடியவர் யார்? உங்கள் கடிதத்தின்படி எடுத்தது சங்கம், கொடுப்பது சங்கம், “வேறு ஆள் பார்க்கலாம்” என்று சொன்னதும் சங்கம். சங்கத்தின் தலைவர் அதிபர் என்பதால் வேலை சொல்வதும் அந்தப் பக்கமே. ஆகவே என் கணிப்பில் தொழில் தருநர் சங்கம்தான். தோட்டத்தை நடத்துகிற துரையிடம் சம்பளம் கேட்டே வளர்ந்த நமக்கு இதைக் கேட்கச் சங்கடமாக இருக்கும். ஆனால் செயற்குழுவில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் இந்த ஒரு விஷயத்தில் துரையின் நாற்காலியில் இருக்கிறீர்கள்.

தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் 2016-ல் வந்தபோது மாதத்துக்கு 10,000 ரூபாய் என்று வைத்தார்கள். 2025 ஏப்ரலிலிருந்து அது 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000. அக்காவுக்குக் கொடுக்கும் 9,000 பத்து வருடத்துக்கு முந்திய அளவைக்கூட எட்டவில்லை. கொழுந்து எடுக்கிறவர்களின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ஆனது. அப்போதைய அந்தக் கணக்கிலேயே 20 நாள் மலைக்குப் போனால் 27,000 வந்தது. அது போதாது என்று நாம் எல்லோரும் சத்தம் போடுகிறோம், போடவும் வேண்டும். அதே நாம் ஒரு பெண்ணுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கை நீட்டிவிட்டுப் புண்ணியம் கிடைக்கும் என்கிறோம். எடுத்த கொழுந்து நிறை பிடிக்கவில்லை என்று கணக்கப்பிள்ளை அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டால் நமக்கு எப்படி வயிறு எரியும்! இவருக்கு விழுவது அரைப் பேர்கூட இல்லை.

“ஒன்றரை மணி வரைதானே வேலை” என்று கூட்டத்தில் யாராவது சொல்லக்கூடும். டீச்சருக்கும் அதே ஒன்றரை மணிதான். அவருடைய சம்பளத்தை யாரும் பாதிநாள் வேலை என்று வெட்டுவதில்லை. விடுமுறைக்கும் அப்படித்தான். பாடசாலை மூடுகிற நாட்களில் டீச்சருக்குச் சம்பளம் உண்டு, அக்கா வீட்டில் மட்டும் அடுப்பு எரியாதா?

ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில் தருநர் 12 வீதம், ஊழியர் 8 வீதம் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில் தருநர் தன் கையிலிருந்து 3 வீதம். கட்டாமல் தாமதித்தால் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறும். பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் தர்ம, சமூக சேவை நிறுவனங்களுக்கு ஈ.பி.எப். விதிகளில் ஒரு விலக்கு உண்டு. உங்கள் சங்கத்தில் யாராவது அதைத் தூக்கிக் காட்டலாம். பெற்றோரிடம் சந்தா வாங்கி அரச பாடசாலையின் அன்றாட வேலையை நடத்துகிற சங்கம் தர்ம ஸ்தாபனம் ஆகாது என்பது என் வாதம். தொழில் அலுவலகத்தில் ஒரு முறைப்பாடு பதிவானால் அவர்கள் விசாரித்து முடிவு சொல்வார்கள். பெண்கள் 50 வயதில் வேலையை விட்டால் ஈ.பி.எப். பணத்தை எடுக்கலாம். அக்காவுக்கு இன்னும் நான்கு வருடம். இன்றைக்குத் தொடங்கினாலும் ஏதோ ஒன்று சேரும்.

அவரை நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் விண்ணப்பம் போடலாம். ஆறு மாதத்தைத் தாண்டினால் கதவு மூடிவிடும், அழுது பயனில்லை. இதை அவரிடம் நீங்களே சொல்லுங்கள். “நானாக விலகுகிறேன்” என்று யாராவது எழுதிக் கொண்டுவந்து நீட்டினால் கையெழுத்துப் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பிள்ளையைத் தூக்கும்போது இடுப்பு பிடித்தாலோ படியில் விழுந்து கை முறிந்தாலோ, 1934-ம் ஆண்டிலிருந்தே வேலையாட்களுக்கான நட்டஈட்டுச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. சங்கத்தின் கணக்கில் எவ்வளவு இருக்கிறதோ, அப்படி ஒரு நாள் வந்தால் அது ஒரே வாரத்தில் கரையும்.

சந்தாவை 300 ஆக்கும் உங்கள் யோசனைக்கு என் பதில்: வேண்டாம். உங்கள் மனது எனக்குப் புரிகிறது. ஆனாலும் வேண்டாம். 210 குடும்பமும் ஒழுங்காகக் கட்டினால் மாதம் 63,000 வரும் என்பது தாளில் உள்ள கணக்கு. கட்ட முடியாத குடும்பத்துப் பிள்ளைகளின் பெயர் வகுப்பில் வாசிக்கப்படும், சில பிள்ளைகள் வெட்கத்தில் வராமல் நிற்பார்கள். பாடசாலைகளில் கட்டாயப்படுத்திப் பணம் வாங்கக் கூடாது என்று அமைச்சே சொல்கிறது. இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. “அந்தப் பிள்ளைகளால்தான் எங்களுக்குச் செலவு” என்ற பேச்சு, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு லயம் கிளம்பும். அது உங்கள் மகனின் காதில் விழும். அவனுக்குப் பேச்சுத்தான் வராது, காது நன்றாகவே கேட்கும்.

உங்கள் மகன் பாடசாலைக்குப் போவது சங்கம் செய்கிற தயவல்ல. 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது இந்த நாட்டின் ஏற்பாடு. 1996-ம் ஆண்டின் 28-ம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிப் பிள்ளையைக் கல்வி நிறுவனத்தில் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது. இயலாமையுடைய ஆட்களின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016-ல் ஏற்றுக்கொண்டது. சாப்பாடு ஊட்ட, மலசலகூடத்துக்குக் கூட்டிப்போக ஆள் இல்லாமல் அந்த உரிமையை எப்படி அனுபவிப்பது? ஆகவே அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய கை அரசாங்கத்தின் கை. லயத்துச் சந்தாப் பணம் இத்தனை வருடமாக அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது. அடைபட்டிருப்பதால் மேலே இருப்பவர்களுக்கு ஓட்டை தெரியவில்லை.

தெரியவைக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு ஒரு கொப்பியில் டீச்சரும் அக்காவும் சேர்ந்து நாள்தோறும் எழுதட்டும்: எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எத்தனை பேருக்கு ஊட்டியது, எத்தனை முறை துணி மாற்றியது, யாருக்கு வலிப்பு வந்தது, எத்தனை மணிக்குக் கடைசிப் பிள்ளை போனது. பிள்ளைகளின் பெயர் வேண்டாம், முதல் எழுத்துப் போதும். அந்தக் கொப்பியின் சுருக்கத்தோடு, இந்த அலகுக்கு ஓர் உதவியாளர் பதவி வேண்டும் என்று வலயக் கல்விப் பணிப்பாளருக்குச் சங்கம் எழுத வேண்டும். நகல் மாகாணக் கல்விச் செயலாளருக்கும் ஆளுநருக்கும். மத்திய மாகாண சபையின் காலம் 2018-ல் முடிந்து தேர்தல் நடக்காமலே கிடப்பதால், நீங்கள் போய் நிற்க ஒரு மாகாண சபை உறுப்பினர்கூட இல்லை, அதனால்தான் ஆளுநரைச் சேர்க்கச் சொல்கிறேன். கூடவே 2016-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், விசேட கல்வி அலகுகளுக்கு எத்தனை உதவியாளர் பதவி அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது, எத்தனை வெற்றிடம் என்று வலயத்திடம் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லியாக வேண்டும். தமிழிலேயே எழுதலாம்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். ஆசிரிய உதவியாளர்கள் நினைவிருக்கிறார்களா? பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் மலையகப் பாடசாலைகளுக்கு நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் மாதம் 6,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டார்கள். பஸ் காசுக்கே போதாது. கேட்டார்கள், கத்தினார்கள், வீதிக்கு வந்தார்கள். 10,000 ஆனது. பயிற்சியை முடித்து ஆசிரியர் சேவைக்குள்ளும் போனார்கள். இழுத்தடித்துத்தான் நடந்தது, ஆனாலும் நடந்தது. அவர்கள் கையில் ஒரு நியமனக் கடிதம் இருந்தது, எத்தனை பேர் என்ற கணக்கும் இருந்தது. உங்கள் அக்காவிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

அதனால் அடுத்த கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் விஷயம் ஒரு கடிதம். அவருடைய பெயர், அடையாள அட்டை இலக்கம், ஐந்து வருடத்துக்கு முன் வேலைக்கு வந்த உண்மையான திகதி, பதவியின் பெயர் “விசேட கல்வி அலகு உதவியாளர்”, வேலை நேரம், மாதச் சம்பளம், விடுமுறைக் காலத்துக்கும் சம்பளம் உண்டு என்ற வரி, சுகயீன லீவு, யாருக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்பது. தொண்டர், சேவை என்ற சொற்கள் அதில் வரவே கூடாது. வவுச்சரில் போக்குவரத்து என்று எழுதுவதையும் நிறுத்துங்கள். அவர் பக்கத்து லயத்திலிருந்து நடந்துதானே வருகிறார்? சம்பளம் என்று எழுதுங்கள். எழுதிக் கொடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று சிலர் பயப்படுவார்கள். ஐந்து வருடமாக அவர் கையெழுத்துப் போட்ட வவுச்சர்கள் அலுமாரியில் இருக்கின்றன என்று அவர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள்.

இடைக்காலத்துக்குப் பணம் எங்கே? 30,000 சம்பளமும் சங்கம் கட்ட வேண்டிய 15 வீதமும் சேர்ந்தால் மாதம் 34,500, வருடத்துக்கு 4,14,000 ரூபாய். உங்கள் சங்கத்துக்கு அது பெரிய தொகைதான். அதற்காக 15,000 கொடுத்தால் சட்டப்படி சரியாகிவிடும் என்று உங்களுக்கு ஆறுதல் சொல்ல என்னால் முடியாது. குறைந்த சம்பளத்துக்கு ஒப்புக்கொள்கிறேன் என்று அவரே எழுதிக் கொடுத்தாலும் அந்தக் காகிதம் நிற்காது. ஆனாலும் அவர் கேட்ட 15,000-ஐ இந்த மாதமே தொடங்குங்கள், விடுமுறைக்கும் சேர்த்து. மீதிக்கு வழி தேடுகிறோம் என்று கூட்டக் குறிப்பில் எழுதிவைத்துத் தொடங்குங்கள். சங்கத்தின் போன வருடக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், செயற்குழு உறுப்பினருக்கு அந்த உரிமை இருக்கிறது. பரிசளிப்பு விழாவுக்கு மேடை அலங்காரம், பொன்னாடை, மாலை, மதியச் சாப்பாடு என்று எவ்வளவு போயிருக்கிறது? கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பழைய மாணவர்கள் கேட் கட்டவும் சுவருக்கு வர்ணம் பூசவும் தாராளமாகத் தருவார்கள், அதில் பெயர் பொறிக்கலாம் என்பதால். அவர்களிடம் ஒருவரின் ஒரு வருடச் சம்பளத்தைக் கேட்டுப் பாருங்கள். நான் சொல்லி ஓரிடத்தில் கேட்டார்கள், கிடைத்தது. எதுவுமே கைகூடாவிட்டால், கொடுக்கக்கூடிய பணத்துக்கு ஏற்ற நாட்கள் மட்டும் அவரை வேலைக்கு அழையுங்கள். இதை எழுதும்போது உங்கள் மகனின் முகம் என் முன்னால் வருகிறது. இருந்தாலும், அலகு வாரத்தில் மூன்று நாள்தான் திறக்கிறது, ஆள் இல்லை என்று பெற்றோர் எல்லோரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் வலயப் பணிமனை அதைச் சும்மா கோப்பில் போட்டுவிட முடியாது.

காசில்லாமல் இன்றைக்கே செய்யக்கூடியதும் இருக்கிறது. அக்கா எங்கே உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிக்கிறார்? ஆசிரியர் அறைக்குள் அவருக்கு ஒரு கதிரை உண்டா? பிள்ளையின் முன்னேற்றத்தைப் பேசும்போது டீச்சர் அவரையும் கூப்பிடுகிறாரா? விசேட கல்விச் செயலமர்வுகளுக்கு டீச்சரோடு அவரையும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், சான்றிதழில் அவர் பெயர் வரட்டும். நாளைக்குப் பதவி ஒன்று உருவானால், முதலில் விண்ணப்பிக்க அந்தச் சான்றிதழும் சங்கத்தின் கடிதமும் அவர் கையில் இருக்கும்.

கடைசியாக, தப்பா என்று கேட்டிருந்தீர்கள். தப்பில்லை, சகோதரி. உங்கள் மகனுக்காகப் பேசுகிறீர்கள், பேசுங்கள். அந்த அக்காவின் வேலை என்ன என்பதை அந்தக் கூட்டத்தில் முழுதாகத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். உங்களுக்கு அது தெரிந்ததே மகனால்தான். அதை மறைக்காமல், “என் பிள்ளையை அவர் இப்படித் தூக்குகிறார், இப்படி ஊட்டுகிறார்” என்று எழுந்து நின்று சொல்லிவிட்டு, பிறகு கடிதத்தைக் கேளுங்கள். தோற்றால், உங்கள் எதிர்ப்பைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். பதிந்த பக்கத்தைக் கையால் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

நியமனக் கடிதத்தின் வரைவை அனுப்பினால் கூட்டத்துக்கு முன் பார்த்துத் தருகிறேன். கொப்பித் தாளில் எழுதினாலும் போதும். அக்கா வேலைக்கு வந்த திகதியை மட்டும் அவரிடமே கேட்டு எழுதுங்கள். அது அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்.